மூன்று லென்ஸ்களும் ஒரு பழைய படமும்



சென்ற மாதம் முல்லைத்தீவிலிருந்து ஒரு சகோதரி இப்பகுதிக்குக் கடிதம் எழுதியிருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பழைய பிலிம் கமரா ஒன்றையும் இரண்டு லென்ஸ்களையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு லென்ஸ் கமராவில் பூட்டுகிறது, மற்றது பூட்டவில்லை. பூட்டுகிற லென்ஸினுள்ளே சிலந்தி வலை போல ஏதோ தெரிகிறதாம். “மிஸ், இது குப்பையில் போடுகிற சாமானா, பிழைப்புக்கு உதவுகிற சாமானா?” என்று கேட்டிருந்தார்.

தையல், கோழி வளர்ப்பு, காளான் என்று எழுதிவந்த இந்தப் பக்கத்தில் கமராவைப் பற்றி எழுதலாமா என்று எனக்கும் ஒரு தயக்கம் இருந்தது. இன்று எல்லோர் கையிலும் கமரா உள்ள போன் இருக்கிறது. ஆயினும் கடந்த ஒரு வருடமாக இறக்குவானையில் ஞாயிறு பிற்பகல்களில் ஏழு பெண்கள் கூடி ஒரு பழைய கமராவுடன் மல்லுக்கட்டி வருகிறோம். அதில் கற்றதைச் சொன்னால் கடிதம் எழுதிய சகோதரிக்கும், இவரைப் போல் வீட்டு அலுமாரியில் கமரா ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்கும் பயன்படும்.

எங்களுக்குக் கமரா வந்தது நகரில் முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டூடியோ நடத்திய ஒரு பெரியவரிடமிருந்து. கடையை மூடும்போது, “விற்றால் இரும்பு விலைதான் தருவான், நீங்க புள்ளைகளுக்குப் படிச்சுக் கொடுங்கம்மா” என்று ஒரு பிஸ்கட் தகரத்தோடு தந்துவிட்டார். உள்ளே ஒரு பென்டாக்ஸ் கே 1000. அதற்குரிய 28, 50, 135 மில்லிமீற்றர் லென்ஸ்கள் மூன்று. ரஷ்ய ஹீலியோஸ் லென்ஸ் ஒன்று, நடுவில் ஓட்டையான சில வளையங்கள், ஒரு கேபிள். கே 1000 என்பது 1976 முதல் 1997 வரை விற்பனையான கமரா. வெளிச்சத்தை அளக்கும் முள்ளுக்கு மட்டும் சிறு பற்றறி வேண்டும். பற்றறி தீர்ந்தாலும் கமரா வேலை செய்யும். மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாமல் காலங்கழித்த நம்மவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

முதலில் பூட்டாத லென்ஸைப் பற்றிச் சொல்கிறேன். ஒவ்வொரு கம்பனியும் லென்ஸ் பூட்டும் வாயை வேறு விதமாகச் செய்திருக்கிறது. பென்டாக்ஸின் கே வாய் 1975இல் வந்தது. அதற்கு முன் அவர்கள் பயன்படுத்தியது 42 மில்லிமீற்றர் அகலமுள்ள திருகு வாய். எம் 42 என்று சொல்வார்கள். ரஷ்ய ஸெனிட், கிழக்கு ஜேர்மனியின் பிரக்டிக்கா ஆகியவற்றிலும் இதே திருகுதான் இருந்தது. ஆகவே போத்தல் மூடி போலச் சுற்றிச் சுற்றிப் பூட்டுகிற லென்ஸ் கிடைத்தால் அது பெரும்பாலும் எம் 42 ஆகவே இருக்கும். நிக்கோன் 1959இல் கொண்டுவந்த வாயைப் பெரிதாக மாற்றாமல் வைத்திருந்தது. கெனன் 1987இலும் மினோல்டா 1985இலும் தங்கள் பழைய வாயைக் கைவிட்டுப் புதிய வாய்க்கு மாறிவிட்டன. ஆகவே “கெனன் கமரா, கெனன் லென்ஸ், ஏன் பூட்டவில்லை?” என்று யாராவது கேட்டால், இரண்டும் ஒரே குடும்பத்துப் பெயரைக் கொண்ட வெவ்வேறு தலைமுறைகள் என்பதுதான் பதில். பூட்டாததைப் பலவந்தமாகத் திருகக் கூடாது. உள்ளே இருக்கும் சிறு நெம்பு வளைந்தால் இரண்டும் கெட்டுவிடும்.

இடையில் ஒரு வளையம் வாங்கிப் போட்டுப் பூட்டலாமா? சிலவற்றில் முடியும். லென்ஸின் வாயிலிருந்து பிலிம் வரைக்குமுள்ள தூரம் ஒவ்வொரு கமராவிலும் வேறுபடும். எம் 42க்கும் பென்டாக்ஸ் கே வாய்க்கும் அது ஒரே அளவு, 45.46 மில்லிமீற்றர். ஆகவே திருகு லென்ஸைக் கே கமராவில் வளையத்துடன் பூட்டினால் நன்றாகவே வேலை செய்யும். நிக்கோனில் அத்தூரம் 46.5 மில்லிமீற்றர். ஒரு மில்லிமீற்றர் தானே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஹீலியோஸைப் பூட்டுவதற்காகக் கொழும்பில் ஒரு கடையில் மலிவான வளையம் ஒன்று வாங்கி வந்தேன். அதன் விளிம்பு கமராவின் வாய்க்குள் இறங்காமல் வெளியே நின்றது, ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு. பக்கத்தில் நிற்பவரின் முகம் கூர்மையாக விழும். பின்னால் தெரிகிற மலை என்ன செய்தாலும் மங்கல். லென்ஸ் பழுது என்று இரண்டு மாதம் அதைத் திட்டித் தீர்த்தோம். கணக்குப் போட்டுப் பார்த்தபின்தான் தெரிந்தது, அந்த ஒரு மில்லிமீற்றர் காரணமாக 58 மில்லிமீற்றர் லென்ஸினால் ஏறத்தாழ மூன்றரை மீற்றருக்கு அப்பால் எதையும் கூர்மையாகக் காண இயலாது. மெல்லிய, உள்ளே அமிழ்ந்து நிற்கும் வளையம்தான் வாங்கவேண்டும்.

இனி, எந்த லென்ஸ் எதற்கு என்ற விடயம். புத்தகங்களில் கோணம், பாகை என்று எழுதியிருப்பார்கள். எங்கள் பெண்கள் அதைக் காம்பராவை வைத்துப் புரிந்துகொண்டார்கள். பழைய லயத்துக் காம்பரா ஒன்று பத்துக்குப் பன்னிரண்டு அடி. சுவரோடு ஒட்டி நின்று எதிர்ச்சுவரைப் படம் எடுக்கிறீர்கள், உங்களுக்கும் ஆட்களுக்கும் இடையில் எட்டு அடி இருக்கிறது என்று வையுங்கள். 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஐந்தே முக்கால் அடி அகலத்தைத்தான் பிடிக்கும். நெருங்கி உட்கார்ந்தால் நான்கு பேர். 28 மில்லிமீற்றர் லென்ஸ் பத்து அடிக்கு மேல் பிடிக்கும். முழுக் குடும்பமும், அடுப்பும், சாமிப் படமும் வந்துவிடும். 135 மில்லிமீற்றரில் இரண்டு அடிதான், ஒரு முகமும் தோளும்.

28ஐக் கண்டதும் எல்லோருக்கும் ஆசை வந்தது, அதுவே போதும் என்றார்கள். அதற்கு ஒரு குணம் உண்டு. ஓரத்தில் நிற்பவரை இழுத்துவிடும். முதல் முறை ஒரு வீட்டுப் பாட்டியை ஓரத்தில் உட்கார வைத்து எடுத்தோம். படத்தில் அவர் தலை பூசணிக்காய் போல நீண்டிருந்தது. பாட்டி சிரித்தார், மருமகள் எங்களோடு ஒரு வாரம் பேசவில்லை. வயதானவர்களை நடுவில் வையுங்கள். ஓரத்தில் கதவு, நிலை, தண்ணீர்க் குடம் என்று எதையாவது விடுங்கள்.

ஒரு முகத்தை மட்டும் எடுப்பதற்கு 85 முதல் 135 வரையான லென்ஸ் நல்லது என்பார்கள். இரண்டடி தூரத்தில் நின்று 50இல் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் விழும். ஐந்தாறு அடி தள்ளி நின்றால் முகம் முகமாக இருக்கும். 135இன் பயன் அந்தத் தள்ளி நிற்றலில்தான் இருக்கிறது. ஆனால் இந்த லென்ஸில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எங்கள் குழுவில் இருக்கும் அக்கா ஒருவர், 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தவர், இதைக் கையில் எடுத்ததும் வைத்துவிட்டார். “வேலிக்கு அந்தப் பக்கத்துல நின்னு நீட்டு லென்ஸால எங்கள எடுப்பாங்க மிஸ். தண்ணிக்கு வரிசையில நிக்கிறப்ப, தலை சீவாம, மாத்துத் துணி இல்லாம. யாரு எடுத்தது, எங்க கொண்டு போனது, ஒண்டும் தெரியாது” என்றார். அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. 135ஐப் பூட்டினால் எதிரில் இருப்பவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்துதான் எடுப்போம். எனக்குப் பிடித்தது 50. அதைக் கொண்டு ஒருவரை எடுக்க வேண்டுமானால் பேசும் தூரத்துக்குப் போயாக வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. ஜூலியா மார்கரட் கமரோன் என்ற ஆங்கிலப் பெண்மணி 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்து களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்தார். 48ஆவது வயதில் மகள் பரிசாகக் கொடுத்த கமராவில் படம் எடுக்கத் தொடங்கியவர். இன்று உலகப் புகழ் பெற்றிருக்கிறார். அக்காலத்தில் பிலிம் இல்லை, கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி ஈரம் காயுமுன் எடுக்க வேண்டும். அவரது லென்ஸ் மிக அகலமாகத் திறப்பது, தகடும் பெரிது. ஆகவே கண் கூர்மையாக இருந்தால் காது மங்கிவிடும். மற்றவர்கள் அதைப் பிழை என்றார்கள். அவரோ முகம் அழகாகத் தெரிகிற இடத்தில் திருகுவதை நிறுத்திவிடுவேன், அதற்குமேல் கூர்மை தேடமாட்டேன் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். ஒரு லென்ஸின் குறையைத் தன் கையெழுத்தாக்கிக் கொண்டவர் அவர். 1879இல் டிக்கோயாப் பகுதியின் கிளென்கெயார்ன் தோட்டத்தில் இறந்து, பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கமானார். இங்கிலாந்தில் எடுத்த படங்களில் கவிஞர், விஞ்ஞானி என்று ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறது. இலங்கையில் எடுத்தவற்றில் தப்பியவை சிலவே. அவற்றில் நம் நாட்டுப் பெண்களும் ஆண்களும் பெரும்பாலும் ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்பது போன்ற தலைப்புகளில் பெயரில்லாமல் நிற்கிறார்கள். சமூகவியல் படித்த காரணத்தாலோ என்னவோ, எனக்கு அந்த முகங்களைவிட அந்தத் தலைப்புத்தான் நீண்ட நேரம் மனதில் நின்றது. நாங்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் பின்னும் பென்சிலால் பெயரும் திகதியும் எழுதுகிறோம்.

லென்ஸின் வளையத்தில் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எண்கள் இருக்கும். உள்ளேயுள்ள தகடுகள் எவ்வளவு திறக்கின்றன என்பதைக் காட்டும் எண்கள் இவை. எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும். ஒவ்வொரு படி ஏறும்போதும் வெளிச்சம் பாதியாகும். 2இல் எடுத்தால் இருட்டிலும் எடுக்கலாம், ஆனால் கூர்மையாக விழும் ஆழம் குறைவு. 8, 11இல் எடுத்தால் முன்வரிசையும் பின்வரிசையும் தெளிவாக விழும். பற்றறி இல்லாதபோது நல்ல வெயிலில் 16ஐ வைத்து, பிலிமின் எண் 200 என்றால் வேகத்தை 250இல் வையுங்கள். மேகமும் மிஸ்டும் கவிந்த எங்கள் ஊர்க் காலை நேரத்தில் 5.6க்கு இறக்குவோம். கையில் பிடித்து எடுக்கும்போது வேகம் லென்ஸின் எண்ணைவிடக் குறையக் கூடாது என்பதும் ஒரு வாய்ப்பாடு. 50க்கு 60ஆவது வேகம், 135க்கு 250. 135இல் 60ஐ வைத்தால் கை நடுக்கம் படத்தில் தெரியும்.

பழைய லென்ஸ் வாங்கும்போதோ யாராவது தரும்போதோ எப்படிப் பார்ப்பது? கமராவிலிருந்து கழற்றி, துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டோர்ச் லைட் அடித்து முன்னால் சரிவாகப் பாருங்கள். சில தூசிகள் இருக்கும். அதைக் கணக்கெடுக்க வேண்டாம். முன் கண்ணாடியில் சிறு கீறல் இருந்தாலும் படம் கெடாது, பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் யோசிக்க வேண்டும். வெண்புகை படிந்தாற்போல முழுதும் மங்கியிருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படமெல்லாம் சாம்பல் பூசியது போலாகும். ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால், ஒட்டியிருந்த இரண்டு கண்ணாடிகள் பிரிய ஆரம்பித்துவிட்டன, அதை விட்டுவிடுங்கள். அடுத்து துவாரத் தகடுகளைப் பாருங்கள். 16இல் வைத்து பின்னாலுள்ள நெம்பை அல்லது ஊசியைத் தட்டினால் தகடுகள் கண் இமைப்பது போல வேகமாக அசைய வேண்டும். சோம்பலாக அசைந்தால், மேலே எண்ணெய்ப் பளபளப்புத் தெரிந்தால், உள்ளே கிறீஸ் உருகி வழிந்திருக்கிறது. அப்படியானால் நீங்கள் 11 என்று வைத்தாலும் அது 4லேயே நின்று படம் வெளுத்துப் போகும். வளையம் இறுகியிருப்பது காய்ந்த கிறீஸ். பலத்தால் திருகாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எங்கள் ஊரில் இதற்கெல்லாம் ஒரு வசதி உண்டு. இறக்குவானை மாணிக்கக்கல் பூமி. கல் பார்ப்பவர்கள் சட்டைப் பையில் பத்து மடங்கு பெருக்கும் சிறு கண்ணாடி வைத்திருப்பார்கள். அதை இரவல் வாங்கி லென்ஸின் உள்ளே பார்த்தோம். கல் பார்க்கும் அண்ணன் ஒருவர், “இதுக்குள்ள நல்ல கல்லு இல்ல தங்கச்சி, பூஞ்சணம்தான் இருக்கு” என்றார். அது உங்களிடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, 50 மில்லிமீற்றர் லென்ஸையே தலைகீழாகக் கண்ணருகில் பிடித்தால் ஐந்து மடங்கு பெருக்கிக் காட்டும். கழுவி வந்த நெகட்டிவைப் பார்க்கவும் அதுதான் எங்களுக்கு உதவுகிறது.

பூஞ்சணம்! முல்லைத்தீவுச் சகோதரி கண்ட சிலந்தி வலை அதுதான். இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. செருப்பும் தோல் பெல்ட்டும் பூஞ்சணம் பிடிக்கும் இடத்தில் லென்ஸ் மட்டும் தப்புமா? ஈரக் காற்று, இருட்டு, அசையாத மூலை, இம்மூன்றும் சேர்ந்தால் கண்ணாடியின் மேலுள்ள மெல்லிய பூச்சை அது தின்னத் தொடங்கும். முற்றிவிட்டால் துடைத்த பின்னும் தடம் கண்ணாடியிலேயே நிற்கும். ஆகவே வருமுன் காப்பதுதான் வழி.

தோல் உறையில் வைக்க வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மூடி இறுகிய பிஸ்கட் தகரமோ பிளாஸ்டிக் பெட்டியோ போதும். உள்ளே மருந்துப் போத்தல்களில் வரும் சிலிக்காப் பொட்டலங்களைச் சேர்த்துப் போடுங்கள். அரிசி போடலாமா என்று கேட்கிறார்கள். அரிசி மாவு தூசியாகி உள்ளே போகும், வேண்டாம். நீல நிறச் சிலிக்கா கிடைத்தால், அது இளஞ்சிவப்பாக மாறும்போது சூடாக்கினால் மறுபடி நீலமாகும். ஆனால் அந்த நீலத்துக்காகக் கோபால்ட் உப்பு சேர்க்கிறார்கள். அது நஞ்சு. சமைக்கிற சட்டியில் ஒருபோதும் சூடாக்காதீர்கள், பிள்ளைகள் கையில் எட்ட விடாதீர்கள். அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் ஈரம் படாது என்று எங்கள் குழுவில் ஒருவர் வைத்தார். ஈரம் படவில்லை, விறகுப் புகை படிந்தது. சூட்டில் கிறீஸும் உருகியது.

எல்லாவற்றிலும் நல்ல மருந்து பயன்படுத்துவதுதான். வாரம் ஒரு தடவை வெளியே எடுத்து, வளையங்களைச் சுற்றி, ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வைக்கிற லென்ஸுக்குப் பூஞ்சணம் எளிதில் வராது. இளவெயில் அதைத் தடுக்கும். ஆனால் கவனம், திறந்த லென்ஸை வெயிலுக்கு நேரே வைத்து அப்பால் போய்விட்டால் அது வெயிலைக் குவித்துத் துணியைப் பற்ற வைக்கும். பக்கத்திலேயே இருந்து கொழுந்துக் கூடையைத் தைத்துக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிக் கண்ணாடியில் மட்டும் பூஞ்சணம் என்றால் பார்மசியில் கிடைக்கும் ஐதரசன் பெரொக்சைட்டைப் பஞ்சில் நனைத்து, பிழிந்து, மெதுவாகத் துடைக்கலாம். திரவத்தை லென்ஸின் மேல் ஊற்றக் கூடாது. உள்ளே என்றால் கழற்றத் தெரிந்தவர் வேண்டும். சமையல் கத்தி முனையால் திருகாணியைக் கழற்றிய கதை என்னிடம் உண்டு, சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு மூலையில் சிறிதளவு இருந்தால் அப்படியே பயன்படுத்துங்கள். படத்தில் தெரியாது. மற்ற லென்ஸ்களோடு சேர்த்து வைக்காமல் தனியே வையுங்கள். சாதாரண தூசிக்கு முதலில் ரப்பர் பல்பினால் ஊதுங்கள், பிறகு மெல்லிய தூரிகை, அதன் பிறகே சுத்தமான பருத்தித் துணி. சேலைத் தலைப்பால் துடைப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். தலைப்பில் இருக்கும் மண் கண்ணாடியைக் கீறும்.

இப்போது அந்த அக்காவின் படத்துக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால் இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இவர் பிறந்தது இங்கே பக்கத்துத் தோட்டத்தில். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் நடந்த வன்செயலின்போது, எட்டு வயதில், பெற்றோருடன் கிளிநொச்சிக்குப் போனவர். அங்கேயே வளர்ந்து, திருமணம் முடித்து, 2009இல் பதினேழு வயது மகனைத் தொலைத்துவிட்டு, சில வருடங்களுக்கு முன் மாமன் வீட்டாரைத் தேடி இங்கேயே வந்து சேர்ந்தார். பேச்சில் இரண்டு ஊரும் கலந்திருக்கும். மகனின் படம் என்று இருப்பது ஒன்றே ஒன்று. 2007இல் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் எடுத்த குழுப் படம். முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் அவன் முகம் ஆறு மில்லிமீற்றர். அதை இடம்பெயர்ந்த வழியெல்லாம் பொலித்தீனில் சுற்றி உடம்போடு வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டப்படி அமைக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுத்த கோவையில் முகம் தெரியும்படியான படம் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பது அவரது விருப்பம்.

ஸ்டூடியோவில் கொடுத்து ஸ்கேன் செய்தால் வேலை சுலபம், நன்றாகவும் வரும். நானே அதைத்தான் முதலில் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. முன்பு ஒரு தடவை, பெரிதாக்கித் தருகிறோம் என்று யாரோ வாங்கிப் போன இன்னொரு படம் திரும்பி வரவேயில்லை. “இத கையைவிட்டுக் குடுக்க மாட்டன் மிஸ். நீங்க எடுக்கிறதெண்டா என் கண்ணு முன்னால எடுங்க.” போனில் எடுத்துப் பார்த்தோம். நெருங்கினால் போனின் நிழல் விழுந்தது, தள்ளினால் முகம் கரைந்தது.

அப்போதுதான் தகரத்தில் கிடந்த ஓட்டை வளையங்களின் பயன் புரிந்தது. லென்ஸுக்கும் கமராவுக்கும் நடுவில் இவற்றைப் பூட்டினால் மிக அருகிலுள்ளதைப் படமெடுக்கலாம். கணக்கு இலகு. 50 மில்லிமீற்றர் லென்ஸுக்குப் பின்னால் 25 மில்லிமீற்றர் வளையம் போட்டால் பொருளின் பாதி அளவு பிலிமில் விழும். 50 போட்டால் சரிக்குச் சரி. எங்கள் மூன்று வளையங்களும் சேர்ந்து ஏறத்தாழ 50. ஆறு மில்லிமீற்றர் முகம் பிலிமிலும் ஆறு மில்லிமீற்றர். அதைப் போஸ்ட்காட் அளவில் அச்சிட்டால் முகம் ஓர் அங்குலம், பாஸ்போட் படத்து முகத்துக்குக் கிட்ட வரும்.

ஆனால் வளையம் வெளிச்சத்தைக் குடிக்கும். சரிக்குச் சரி எடுக்கும்போது இரண்டு படி வெளிச்சம் குறையும். கமராவின் முள் உள்ளே வரும் வெளிச்சத்தையே அளப்பதால் கணக்கை அது பார்த்துக்கொள்ளும், ஆனால் வேகம் மிகக் குறைந்துவிடும். இஸ்தோப்பில் மேசை போட்டு, படத்தைப் பலகையில் நிமிர்த்தி வைத்து, எதிரே பாடப்புத்தகங்களை அடுக்கிக் கமராவை வைத்தோம். படமும் கமராவும் நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று பார்க்க ஒரு சிறு முகக்கண்ணாடியைப் படத்தின் மேல் பிடியுங்கள். கமராவுக்குள் பார்த்தால் லென்ஸின் வட்டம் நடுவில் தெரிய வேண்டும். வெளிச்சம் இரு பக்கமிருந்தும் சரிவாக வரவேண்டும், நேரே வந்தால் பளபளக்கும். கூர்மைக்கு வளையத்தைத் திருகாமல் முழுக் கமராவையும் சிறிது சிறிதாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள்.

முதல் ரோல் தோல்வி. எட்டில் வைத்து கால் செக்கன் எடுத்தோம். கமராவின் உள்ளேயிருக்கும் கண்ணாடி மேலெழும் அதிர்வில் புத்தக அடுக்கு ஆடியிருக்கிறது. கொழும்புக்கு அனுப்பிக் கழுவி வந்தபோது எல்லாமே இரட்டை இரட்டையாகத் தெரிந்தன. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பெரியவரிடம் போய்க் கேட்டேன். “கால் செக்கன், எட்டில் ஒரு செக்கன், இதெல்லாம்தான் மோசம்மா. இன்னும் மெதுவாப் போங்க” என்றார். துவாரத்தை 16க்கு இறக்கி ஒரு முழுச் செக்கன் எடுத்தால், தொடக்கத்து அதிர்வு அந்த நேரத்தில் ஒரு சிறு பங்காகிவிடும். இரண்டாம் முறை புத்தகங்களை விட்டுவிட்டு, ஐந்து கிலோ அரிசிப் பையின் மேல் கமராவை அமிழ்த்தி வைத்து, கேபிளால் அழுத்தினோம். பிள்ளைகளை லயத்துக்குப் பின்னால் விளையாடச் சொல்லிவிட்டோம். முள் சொன்னபடி மூன்று, அதைவிட ஒரு படி கூட்டி மூன்று, குறைத்து மூன்று. ஒன்பது முறையும் கேபிளை அழுத்தியது அக்காதான்.

பத்து நாளில் பிலிம் வந்தது. படம் அவரது பொலித்தீனை விட்டு ஒரு நாளும் போகவில்லை. அச்சில் இல்லாததை எந்த லென்ஸாலும் கொண்டுவர முடியாது என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். முகம் சற்று மென்மையாக, கமரோன் அம்மையார் எடுத்ததைப் போலத்தான் இருந்தது. அக்கா அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, “கொலர் ஒரு பக்கம் மடிஞ்சிருக்கு பாருங்க மிஸ். காலையில நான் நேராக்கித்தான் விட்டன்” என்றார்.

மூன்று பிரதிகள் எடுத்தோம். ஒன்று கோவைக்குப் போயிற்று. ஒன்று கிளிநொச்சியிலுள்ள அவரது தங்கைக்கு. மூன்றாவதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைக்கலாமே என்று யாரோ சொன்னபோது மறுத்துவிட்டார். தன் அடையாள அட்டை உறைக்குள் வைத்திருக்கிறார். இப்போது மற்றவர்களின் பழைய படங்களை அவரே எடுத்துக் கொடுக்கிறார். பிலிமின் செலவையும் கையில் ஒரு சிறு தொகையையும் வாங்கிக்கொள்கிறார், வரும் படம் எதையும் வீட்டுக்காரர் பக்கத்தில் இல்லாமல் தொடுவதில்லை. பிலிமின் விலை ஏறிக்கொண்டே போவதால் இதை மட்டும் நம்பிப் பிழைக்க இயலாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடையாள அட்டைக்கான படத்தைப் பதிவு செய்யப்பட்ட ஸ்டூடியோக்களே எடுக்க வேண்டியிருப்பதால் அந்த வருமானத்தையும் எதிர்பார்க்காதீர்கள். கண்ணாடி முகமில்லாத புதிய டிஜிட்டல் கமராக்களில் வளையம் போட்டு இந்தப் பழைய லென்ஸ்களைப் பூட்டலாம். கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் தம்பி ஒருவர் எங்கள் 50ஐ அப்படி இரவல் வாங்கிப் போகிறார், வாடகை தருகிறார்.

முல்லைத்தீவுச் சகோதரிக்கு: பூட்டாத அந்த லென்ஸின் பின்பக்கத்தையும், கமராவின் வாயையும் போனில் படமெடுத்து ஆசிரியரின் முகவரிக்கு அனுப்பி வையுங்கள். லென்ஸின் முன் விளிம்பில் எழுதியிருக்கும் எண்களையும் எழுதுங்கள். பூஞ்சணம் பிடித்ததை இன்றே தோல் உறையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள்.